வெள்ளிக்கிழமைகளில் பாடிய தட்டு

நெஞ்சுக்குள் இன்னும் கடை திறந்து வைத்து உட்கார்ந்திருக்கும் என் காதர் மச்சானுக்கு,

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். அதை முதலில் ஒத்துக்கொள், மற்றதைப் பிறகு பேசலாம். சிலிகி ரோட்டில் நம் இசைத்தட்டுக் கடை நிலைக்காது என்றேன், நிலைக்கவில்லை. பாக்தாத் பாட்டு ஒருநாள் கேட்க ஆளில்லாமல் போகும் என்றேன், போயிற்று. மிடில் ரோட்டு யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறுவார்கள் என்றேன், ஏறிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் நீ போவாய் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அதற்கு வாய் வரவில்லை.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடக் கொடுக்கப்போகிறேன். நான் நாலாவது வரைக்கும் படித்தவன் என்பது உனக்குத் தெரியும். மூன்றாவதுதான் என்று நீ சொல்வாய், விடு. அண்ணன் மகள் கமலா பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். எழுத்தைத் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நம் கடை இருந்த இடத்தில் இப்போது டெலிவிஷன் விற்கிறார்கள். சாயங்காலமானால் வாசலில் கூட்டம். யாரும் வாங்குவதில்லை, நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். உன் பெரிய மகன் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். விடியுமுன் கம்பெனி வண்டி வந்து கூட்டிக்கொண்டு போகிறது. நான் தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் என்னைத்தான் முதலாளி என்று நினைக்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

பெரிய செய்தி இதுதான் மச்சான். வருகிற வியாழக்கிழமை ஹபீபா அம்மா மகனோடு ஆஸ்திரேலியா போகிறார். இனி திரும்ப மாட்டார்.

நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கேட்டது அவர் தட்டைப் பற்றித்தான். புருஷன் குரல் பதிந்த தட்டு. உலகத்தில் வேறு பிரதி கிடையாது. ஒரு வருஷம் தொடாமல் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பதாக நீ வாக்குக் கொடுத்திருந்தாய். "கொடுத்துட்டியா லிங்கம்?" என்று கேட்டாய். கொடுத்துவிட்டேன் என்றேன். அம்மா கடை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டார், தொடக்கத்தில் புருஷன் இருமுவதைக் கேட்டுச் சிரித்தார், பாட்டைக் கேட்டு அழுதார், காதரை மாதிரி ஒரு மனுஷன் உண்டா என்றார் என்று சொன்னேன். நீ அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் படிக்கிறவர்களுக்குக் கதை புரியட்டும்.

இரண்டு தமிழர்கள் யூதப் பாட்டு விற்றோம் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. பம்பாயிலிருந்து பெட்டி மாறி வந்த அரபுத் தட்டுகளை என்ன செய்வது என்று தெரியாமல் நாம் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் ஹபீபா அம்மாவின் புருஷன் சாலே துவான் உள்ளே வந்தார். மலாயில் துவான் என்றால் ஐயா. பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பம். வெள்ளைச் சட்டை, கையில் குடை. அரபுப் பேச்சு அவருக்குத் தாய்ப்பால் மாதிரி, ஆனால் அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. உனக்கோ பள்ளிவாசலில் ஓதிப் பழகியதால் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. நீ லேபிளை எழுத்துக்கூட்டி வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "ஆ, இது பாடுறது நம்ம ஆளு" என்பார். அப்படியே பெட்டி முழுக்கப் பிரித்தீர்கள். நடுவில் நான் நின்று தலையாட்டினேன். நான் மட்டும் தலையாட்டாமல் இருந்திருந்தால் அந்த வியாபாரமே நடந்திருக்காது.

மறு வாரம் மிடில் ரோட்டிலிருந்து நாற்பது பேர் வந்து நின்றார்கள். நீ முறைக்கிறாய். சரி, பதினைந்து. சரி மச்சான், ஆறு பேர்.

எந்தப் பாட்டு ஓடுகிறது, எது ஓடவில்லை என்று கண்டுபிடிக்க நமக்கு நோட்டுப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை. வாங்குகிறவர் கேட்டுப் பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு தட்டைப் பிரித்து வைத்திருப்போம். இரும்பு ஊசி ஓட ஓடக் கறுப்புத் தட்டு சாம்பல் பூக்கும். எது அதிகமாக நரைத்திருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்து ராஜா. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ஜாதகம் சொல்லும் வித்தையைக் கண்டுபிடித்தவன் நான். நீதான் என்று சிலர் சொல்கிறார்கள், அவர்களுக்கு விவரம் போதாது.

முதலில் நரைத்தது பாக்தாத் தட்டு. வயிறு பெருத்த வீணை மாதிரி ஒரு வாத்தியம், ஒரு பிடில், தொண்டைக்குள்ளேயே வளைந்து வளைந்து போகிற குரல். பிறகு அமெரிக்காவிலிருந்து ஜிப்பா போட்ட ஒருவர் தொழுகைப் பாட்டு பாடும் தட்டுகள் வந்தன. அதை வாங்க ஐரோப்பாவிலிருந்து தப்பி ஷாங்காய் வழியாக வந்த வாட்சுக்காரர் ஒருவர்தான் உண்டு. அவரும் அழுதுகொண்டேதான் வாங்குவார். அதே அமெரிக்காவிலிருந்து கிளாரினெட் வைத்த கல்யாணப் பாட்டும் வந்தது. அது நம் நாயனம்தான் கப்பலேறிப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டது என்று சாங்கி ராணுவ முகாமிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் விளக்கினேன். அவன் குறிப்பெடுத்துக்கொண்டான். அப்புறம் வந்தது யூதர்களின் புது நாட்டிலிருந்து பாட்டு. அக்கார்டியன், மேளம், பையன்களும் பெண்களும் கூட்டமாகப் பாடுவது, கைகோத்து வட்டமாக ஆடுவதற்கு. அன்றைக்கே உன்னிடம் சொன்னேன்: "இனிமே தொண்டைப் பாட்டு இல்ல மச்சான், கால் பாட்டுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொள்கிறேன். எல்லாரும் மலாயில்தான் பேசுவார்கள், நான் தமிழில் எழுதுகிறேன், பேச்சுக்கு வால் மாதிரி வரும் 'லா'வை மட்டும் அப்படியே விடுகிறேன். துவான் மகன் டேவிட் ஒரு ஆட்டப் பாட்டை எடுத்துக்கொண்டு நிற்பான். ஹபீபா அம்மா பாக்தாத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்.

"அம்மா, இதையெல்லாம் யாரு கேக்கிறா? உக்காந்து அழத்தான் ஆகும் லா."

"அழுதா என்ன? நீ குதிக்கிற குதில மாடிப் பலகை விழப்போகுது."

வாட்சுக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டும் பாட்டே இல்ல. தொழுகை வீட்டுல ஒத்தை ஆளு நின்னு பாடுறானே, அதுதான் பாட்டு" என்பார்.

சாலே துவான் சிரிக்காமல் சொல்வார்: "வாட்சுக்காரரே, உங்க ஆளுக்கு வயித்து வலின்னு நினைச்சேன்."

"மூணு பேருக்கும் ஆண்டவன் ஒருத்தன்தானே, ஆளுக்கொரு தட்டு வாங்கிட்டுப் போங்க லா" என்று நீ முடிப்பாய். அதற்குள் சாலே துவான் வாட்சுக்காரரின் தட்டைப் போடச் சொல்லி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிவரை கேட்டிருப்பார்.

துவான் நன்றாகப் பாடுவார். யூதர்களின் தொழுகை வீட்டில் பழைய பாக்தாத் மெட்டில் அவர் பாடினால் ஆட்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்களாம். ஒருநாள் கேளிக்கைப் பூங்காவில் குரல் பதியும் பெட்டி வந்திருக்கிறது என்று நாம்தான் அவரை இழுத்துக்கொண்டு போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் குடையோடு நின்றார். விளக்கு சிவப்பானதும் பதறிப்போய் ஒரு இருமல் இருமினார். பிறகு மூன்று நிமிஷம் பாடினார். வெளியே சோளம் விற்கிறவன் கூவுவதை நிறுத்தினான். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, நீயும் பார்த்தாய்.

அந்தத் தட்டை வீட்டில் ஒரே ஒரு தடவைதான் போட்டார்கள். இருமலைக் கேட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம். அப்புறம் தலையணை உறைக்குள் வைத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் துவான் மாரடைப்பில் போய்விட்டார்.

நான் அப்போது செய்ததை இதுவரை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நீயும் எனக்காகச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் கையில் தூக்கும் கிராமபோனை எடுத்துக்கொண்டு, அவருக்குப் பிடித்த பாக்தாத் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போனேன். என் அப்பா செத்தபோது தப்பு மேளச் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. பாட்டில்லாமல் ஒரு மனுஷனை அனுப்பினால் அது அவமானம் என்றுதான் எனக்குத் தெரியும். அங்கே கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடியிருந்தது. டேவிட் சட்டைக் கழுத்துக் கிழிந்து தரையில் உட்கார்ந்திருந்தான். ஏன் இவ்வளவு அமைதி, பாவம், ஏற்பாடு செய்ய ஆளில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கிராமபோனை மேஜையில் வைத்தேன், சாவி கொடுத்தேன், ஊசியை இறக்கினேன்.

பிடில் தொடங்கியதும் அந்த அறையில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. ஹபீபா அம்மா எழுந்து வந்தார். சுழல்கிற தட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். தட்டு முனகிக்கொண்டே நின்றது.

"நாகலிங்கம், உங்க வீட்டுல இப்படித்தானா?"

"ஆமாம்மா. பெரிய மனுஷனுக்குப் பெரிசா செய்வோம்."

"எங்க வீட்டுல ஒரு வருஷம் பாட்டு கிடையாது" என்றார். கோபம் இல்லை. ஒரு அவித்த முட்டையை என் கையில் கொடுத்து, "உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

கடைக்கு வந்து சொன்னபோது நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அட கிறுக்கா, எங்க மையத்து வீட்டுல என்னிக்காச்சும் மேளம் கேட்டிருக்கியா? உங்க ஊரு வழக்கம் ஊரு பூரா வழக்கமா?" என்று திட்டிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்க நீயே போனாய்.

ஏழு நாள் துக்கம் கழிந்ததும் அம்மா கடைக்கு வந்தார். தலையணை உறையை மேஜையில் வைத்தார். பெண்டாட்டிக்கு முப்பது நாள் போதுமாம், மகனுக்குத்தான் வருஷமாம். ஆனாலும் மகனோடு சேர்ந்து தானும் ஒரு வருஷம் பாட்டுக் கேட்கப்போவதில்லை என்றார். "வீட்டுல இருந்தா என் கை சும்மா இருக்காது காதர். ஒரு வருஷம் உன்கிட்ட இருக்கட்டும். முடிஞ்ச அன்னிக்கு வந்து கேப்பேன்."

நீ அதை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாய்: "லிங்கம், இது கடைத் தட்டு மாதிரி இல்ல. மெழுகு மாதிரி மெத்து. ஊசி ஓடுற ஒவ்வொரு தடவையும் குரலைக் கொஞ்சம் சீவிட்டுப் போயிடும். நீ தொடாதே. உன் கையை நம்ப முடியாது."

"வாயை?"

"அதைத்தான் முதல்ல நம்ப முடியாது."

சிரித்தோம். பத்து மாதம் கழித்து நீ நெஞ்சுச் சளியில் விழுந்தாய். வருஷம் முடிந்தபோது நீ கட்டிலில் இருந்தாய், நான் கடையில் தனியாக இருந்தேன். அப்புறம் அந்தக் கட்டில் பேச்சு. அப்புறம் நீ இல்லை.

இப்போது மற்றதைச் சொல்கிறேன். கமலா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சித்தப்பா, இதையுமா எழுதணும்?" என்கிறாள். எழுதத்தான் வேண்டும். நாலு பேர் முன்னால் பெருமை அளந்தவன் நாலு பேர் முன்னால்தான் இதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ ஜும்மாவுக்குப் போவாய். ஒன்றரை மணி நேரம் கடை என் கையில். தட்டு வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை காப்பிக்கடைக்காரர் வந்து, பாக்தாத் பாட்டெல்லாம் அந்த ஊர்க்காரன் பாடினால்தான் உண்டு, இங்கே எவன் இருக்கிறான் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஊரிலேயே இருந்தார், நம் ஸ்டூலில்தான் உட்காருவார், நான்தான் அவரைப் பாடவைத்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. ஏணியைப் போட்டேன். ஒரே தடவைதானே என்றுதான் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் பஸ் கண்டக்டர் ஒருவர், பக்கத்துக் கட்டடத்துக் காவல்கார சிங். தாடியைப் பிடித்துக்கொண்டு சிங் கண்ணை மூடுவார். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் தானாக வந்து நிற்பார்கள். நான் துவானைப் பற்றி ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் கதை சொல்வேன். எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். உனக்குத் தெரியுமா மச்சான், நாம் விற்ற யூதப் பாட்டிலேயே அதிகம் கேட்கப்பட்டது நாம் விற்காத அந்த ஒரு தட்டுதான்.

அது சாம்பல் பூத்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா, ஜாதகம் பார்க்கிறவன் நான்தானே. இன்னும் ஒரு வாரம், அப்புறம் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். துவான் மழைக்கு அந்தப் பக்கம் நின்று பாடுவது மாதிரி ஆனார். பிறகு எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டும் வந்தது. சிங் எழுந்து போனார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. மறு மாதம் நீ படுத்துவிட்டாய்.

வருஷம் முடிந்த அன்று ஹபீபா அம்மா கறுப்பு உடையை மாற்றிக்கொண்டு, நீலத்தில் ஒன்று உடுத்திக்கொண்டு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் உண்மை. தட்டு காதரிடம் இருக்கிறது, பத்திரத்துக்காக வீட்டுக்கு எடுத்துப் போனார், எந்தப் பெட்டியில் வைத்தார் என்று தெரியவில்லை என்றேன். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த உன் மேல் பழியைப் போட்டேன். "பரவாயில்ல, அவன் எழுந்து வரட்டும்" என்று எழுந்து போனார். இரண்டு நாள் கழித்துத்தான் உன்னிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

நீ போன பிறகு அவர் உன் வீட்டு வாசலுக்கு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காதர் வீட்டுப் பெட்டியை எனக்காகக் கிளறாதே நாகலிங்கம். அவன் பொண்டாட்டிக்கு இப்போ வேற துக்கம். காதர் தொலைச்சிருந்தாலும் அவன்மேல எனக்கு வருத்தமில்ல" என்றார். மூன்று வருஷமாக அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. பண்டிகை வந்தால் எனக்கு ஒரு தட்டு நிறைய பாதாம் பலகாரம் அனுப்புகிறார். உன் வீட்டுக்கும் அனுப்புகிறார். நீ தொலைத்ததாக நினைத்துக்கொண்டே அனுப்புகிறார்.

ஆக, நீ நம்பிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அந்தச் செய்தி நான் கட்டியது மச்சான். அவர் கேட்கவில்லை. சிரிக்கவில்லை, அழவில்லை. உன் வாக்கை நான்தான் தின்றேன், அதைவிடப் பெரிதாக அவர் புருஷனையும் தின்றேன்.

தட்டு என் டிரங்குப் பெட்டியில் வேட்டி மடிப்புக்குள் இருக்கிறது. நேற்று வெளியே எடுத்து, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு ஊசியை வைத்துப் பார்த்தேன். தட்டின் வெளி ஓரம் அவ்வளவாகத் தேயவில்லை. அந்த இருமல் இருக்கிறது. அப்படியே, பதறிப்போய், குடையோடு நிற்கிற இருமல். அதற்கப்புறம் பொரிகிற சத்தம்தான். பாட்டு தட்டில் இல்லை. ஆனால் அத்தனை வெள்ளிக்கிழமை கேட்டதில் அது முழுக்க எனக்குள் ஏறிவிட்டது. எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், எந்த இடத்தில் குரல் லேசாக உடைந்தது, எல்லாம் தெரியும். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. என் குரல் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். இதை வைத்து நான் யாரிடமும் ஒரு பெருமையும் பேசியதில்லை.

இன்றைக்குச் செவ்வாய். நாளைக் காலையில் தட்டை அதே தலையணை உறையில் வைத்து எடுத்துக்கொண்டு மிடில் ரோட்டுக்குப் போவேன். காதர் தொலைக்கவில்லை, நான் தேய்த்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்வேன், முன்னுரை எதுவும் போடமாட்டேன். அவர் கதவைச் சாத்தினால் வாசலில் வைத்துவிட்டு வருவேன். உள்ளே விட்டால் இருமல் வரைக்கும் ஊசியை ஓடவிட்டுத் தூக்கிவிடுவேன். அதற்கப்புறம், அவர் அனுமதி கொடுத்தால் மட்டும், மீதியை நான் பாடிக் காட்டுவேன். ஒரு வளைவுகூடக் கூட்ட மாட்டேன். சத்தியம்.

இனி உன் பெயர் சுத்தம் என்று சொல்லிக்கொண்டு,
உன் மச்சான்,
மூன்றாவது வரைக்கும் படித்த
நாகலிங்கம்